இரண்டு ஆள் கல்

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது டொக்கென்று ஒரு சத்தம். சர்வேயர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவருடைய ஜீப்பில் சத்தம் வராவிட்டால்தான் இறங்கிப் பார்க்க வேண்டும். வந்தால் வண்டி சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பின்சக்கரம் சேற்றில் உறுமிக்கொண்டு சுழன்றது, எதையோ நெம்பித் தள்ளியது, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அதற்குப் பிறகும் இறங்காமல் இருக்க முடியவில்லை.

எல்லைக் கல் மல்லாந்து கிடந்தது.

எந்தக் கல் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அவரை வரச்சொல்லியிருந்தார்களோ, அதே கல். அந்த மனைக்கு மிச்சமிருந்த ஒரே கல்லும் அதுதான். நோயாளியைப் பார்க்க வந்த டாக்டர் நோயாளி மேலேயே உட்கார்ந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. மண்ணுக்கு மேலே ஒரு சாண்தான் தெரிந்திருக்கும். உள்ளே இருந்தது தொடை நீளத்துக்கு, தொடையைவிடப் பருமனாக. கல் இருந்த குழியைச் சக்கரம் பிசைந்து, மூன்று நாள் மழையும் சேர்ந்து, களிமண் குழம்பாக ஆக்கியிருந்தது.

அவருடைய உதவியாளருக்குச் சங்கிலி என்று பட்டப்பெயர். சங்கிலி பிடித்து அளந்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். காலையில் போன் பண்ணியபோதே, "நான் பக்கத்துல இல்லாம ரிவர்ஸ் மட்டும் எடுக்காதீங்க சார்" என்று முனகியிருந்தார். காய்ச்சலில் உளறுகிறார் என்று சர்வேயர் நினைத்துக்கொண்டார்.

சுற்றும் முற்றும் பார்த்தார். கொல்லைப்புறத்தில் யாரும் இல்லை. யாரும் வருவதற்குள் தூக்கி நிறுத்திவிட்டால் என்ன என்று ஒரு கெட்ட புத்தி வந்தது. அளவு தெரிந்த மனுஷனுக்கு வரக்கூடாத புத்தி. பேன்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து இரண்டு கையாலும் பிடித்தார். கல் அசையவில்லை. இடுப்புதான் அசைந்தது, அதுவும் தப்பான திசையில். பாதி குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"பாத்து சார். அது ஒரு ஆள் தூக்கற கல்லு இல்ல."

குரல் பக்கத்திலிருந்து வந்தது. கொல்லையோரத்து இஸ்திரி அறையின் ஜன்னலில் ஒரு பெண், கையில் புகைகிற இஸ்திரிப் பெட்டி. நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தாள்.

"தெரியாம பட்டுடுச்சு மேடம்…"

"மேடமா? நான் துணி தேய்க்கறவ சார். தெருவே அக்கான்னுதான் கூப்பிடுது. நீங்க என்ன, கல்லை அளக்க வந்தீங்களா, எடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

"நான் சர்வேயர்."

"அது தெரியுது. கல்லைத் தேடிப் போய் இடிக்கறதுக்கு வேற யாரால முடியும்?"

சர்வேயர் கையைத் தொடையில் ஊன்றி மெல்ல நிமிர்ந்தார். இன்றைய நாள் எப்படிப் போகப்போகிறது என்று அவருக்கு இடுப்பிலேயே தெரிந்தது.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் ஒரே மனையாக இருந்ததை அப்பா தன் கையாலேயே இரண்டாகப் பிரித்து, மகளுக்கு ஒரு பாதி, மகனுக்கு ஒரு பாதி என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். முன்பக்கம் இரண்டு வீட்டுக்கும் நடுவே பொதுச்சுவர், அதில் தகராறில்லை. கொல்லைப்புறத்தில் சுவர் கிடையாது, கடைசி மூலையில் இந்தக் கல் மட்டும். அக்காவின் புருஷன் வேலை தேடி வெளியூர் போனவர், வேலை கிடைத்ததும் திரும்பி வரும் வழியை மறந்துவிட்டார். அக்கா கைக்குழந்தையோடு தன் பாதிக்குத் திரும்பி வந்து, கொல்லையில் ஒரு சின்ன அறை எழுப்பி, இஸ்திரி போட்டே மகளை வளர்த்துக் கட்டியும் கொடுத்துவிட்டாள். தம்பி பஸ் டிரைவர். அவருக்கு வேறு ஊர் டிப்போவுக்கு மாற்றல். தன் பாதியை ஒரு மரக்கடைக்காரருக்கு விற்கப் பேசி முடித்துவிட்டார். மறுநாள் காலையில் கையெழுத்து. மரக்கடைக்காரர் எல்லை வரைக்கும் இழுத்துக் கிடங்கு கட்டப்போகிறவர். பத்திரத்தில் போட்டிருக்கிற அகலம் தரையில் இருக்கிறதா என்று அளந்து எழுதிக் கொடுத்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார்.

இதில்தான் சிக்கல். பத்திரத்து அளவுப்படி கோடு இழுத்தால் அது இஸ்திரி அறைக்குள் ஒரு முழம் புகுந்து மேஜைக்கு அடியில் போகிறது. சர்வேயர் முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். கல் இருக்கிற இடத்தை வைத்து இழுத்தால் அறை தப்பித்துவிடும். ஒரு முழம் போனால் போகட்டும் என்று விட முடியாது. அந்த அறையே இரண்டரை முழம்தான். சுவரை இடித்து உள்ளே தள்ளினால் மேஜை போடலாம், ஆள் நிற்க முடியாது.

சர்வேயர் வேலையைப் பற்றி வெளியில் ஒரு தப்பான நினைப்பு இருக்கிறது. அவர் வந்து எல்லையைப் போடுவார் என்கிறார்கள். எல்லையைப் போட அவர் யார்? அது ஏற்கெனவே போட்டாகிவிட்டது. எங்கே போய் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான் அவர் வேலை. அதற்குச் சட்டத்தில் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். காகிதத்து அளவும் தரையில் நிற்கிற கல்லும் சண்டை போட்டால் கல்தான் ஜெயிக்கும். அளந்தவன் தூங்கி வழிந்திருக்கலாம், சங்கிலி தொய்ந்திருக்கலாம், எழுதியவன் கை தவறியிருக்கலாம். ஆனால் இரண்டு தரப்பும் பக்கத்தில் நின்று பார்க்க நட்ட கல்லுக்கு அந்த மாதிரி சால்ஜாப்பு எதுவும் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை. நட்ட பிறகு அது நகர்ந்திருக்கக் கூடாது.

அந்த நிபந்தனையைச் சோதித்துப் பார்க்க வந்தவர்தான், சோதிப்பதற்கு முன்னாலேயே கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நிற்கிறார்.

டிரைவர் முன்வாசல் வழியாகச் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே வந்தார். உட்கார்ந்தே வேலை பார்த்துப் பழகிய மனிதர், தரையில் விட்டால் ஒரு இடத்தில் நிற்கத் தெரியவில்லை. ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். மூலையைப் பார்த்தார்.

"என்ன சார், கல்லைக் காணோம்?"

"கல்லு இருக்கு. இடத்தைத்தான் காணோம்."

டிரைவர் சக்கரத் தடத்தைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், சர்வேயரின் இடுப்பைப் பார்த்தார். தொழில் தெரிந்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "ரிவர்ஸா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இருந்த இரக்கத்தைக் கேட்டதும் சர்வேயருக்கு, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"கவலைப்படாதீங்க. அடிச்சாட்சி இருக்கும். தோண்டிப் பாத்துடலாம்" என்றார் சர்வேயர்.

பழைய ஆட்கள் கல் நடும்போது குழியின் அடியில் ஒரு கூடை கரியும் உடைந்த கண்ணாடியும் கொட்டி, கெட்டியாக மிதித்து, அதன் மேல்தான் கல்லை நிறுத்துவார்கள். அதற்குத்தான் அடிச்சாட்சி என்று பெயர். மரத்துண்டு மக்கும், ஆணி துருப்பிடிக்கும், கரி எத்தனை வருஷமானாலும் கரியாகவே கிடக்கும். பிற்காலத்தில் ஏதாவது ஒரு புத்திசாலி ஜீப்பை ஏற்றினால் தேடிக்கொள்ளட்டும் என்று முன்யோசனையாகச் செய்ததுதான்.

சர்வேயர் கடப்பாரையை எடுத்தார். இரண்டு குத்து, நான்கு கொத்து. சேற்றுக்குள் கறுப்பாகத் தெரிந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தார். கரியேதான்!

"கிடைச்சிருச்சு!" என்று கத்தினார்.

ஜன்னலில் அக்காவின் தலை தெரிந்தது. "என்ன சார், தங்கமா?"

"கரி! கரி கிடைச்சிருச்சு!"

"அதுக்கா இந்தச் சந்தோஷம்? அந்தப் பக்கம் தோண்டுங்க, இன்னும் நிறைய கிடைக்கும். பெட்டியில இருந்து தினமும் அங்கதானே கொட்டறேன்."

சர்வேயர் அந்தப் பக்கம் தோண்டினார். கரி. இந்தப் பக்கம் தோண்டினார். கரி. ஜீப்புக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்கு ஓரத்தில், எங்கே குத்தினாலும் கரி. இருபது வருஷத்து இஸ்திரிக் கரி. சட்டத்தின் கண்ணுக்கு அந்தக் கொல்லை முழுக்க ஒரே எல்லைக் கல்லாகத் தெரிந்தது. டிரைவர் ஓரமாகத் திரும்பி நின்று இருமினார். அது இருமல் இல்லை என்று தோள்கள் காட்டிக் கொடுத்தன.

"கரி மட்டும் போதாது. கண்ணாடியும் சேர்ந்து இருக்கணும்" என்றார் சர்வேயர், மிச்சமிருந்த மரியாதையைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு. கல் கிடந்த குழியைக் கையளவு கையளவாகத் துழாவினார். கண்ணாடி இல்லை. ஒரு சில்லுகூட இல்லை. கண்ணாடி இல்லாவிட்டால் கல் முதன்முதலில் நட்ட இடம் இதுவல்ல.

அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. மரக்கடைக்காரர்.

"சார், பேப்பர்ல இருக்கறது தரையில இருக்குதில்ல?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"என்ன பாக்கறது? பேப்பரைப் பாருங்க, டேப்பைப் பாருங்க, முடிஞ்சுது. நாளைக்குக் காலையில வந்துடுவேன்."

சர்வேயர் அளக்கிற மெஷினை எடுத்து முக்காலியில் ஏற்றினார். வானம் ஒரு பக்கம் வெளுப்பதும் ஒரு பக்கம் கறுப்பதுமாக, எந்தப் பக்கம் சேர்வதென்று தெரியாமல் நின்றது. அந்த மெஷின் எட்ட நின்று பார்க்கும். அது பார்ப்பதற்குக் கண்ணாடி மாட்டிய ஒரு கம்பியை யாராவது மறுமுனையில் நேராகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சங்கிலி காய்ச்சலில் கிடக்கிறார். டிரைவரிடம் கொடுத்தார். மெஷின் வழியே பார்த்தால் கம்பி காற்றில் நாற்றுப்போல ஆடியது.

"கொஞ்சம் ஆடாம நில்லுங்க."

"ஆடலையே சார்."

"பஸ்ஸை இப்படித்தான் ஓட்டுவீங்களா?"

"பஸ்ஸு ஓடும் சார். இது நிக்குதே."

கொல்லைக் கதவருகில் கையைத் துடைத்துக்கொண்டே டிரைவரின் மனைவி வந்தாள். ஒல்லியான பெண், பேசுவதற்கு முன் ஒரு தடவை யோசிக்கிற முகம். "குடுங்க, நான் பிடிக்கறேன்" என்று கம்பியை வாங்கினாள். கம்பியில் இருந்த நீர்க்குமிழியை ஒரு தரம் பார்த்து நடுவில் நிறுத்தினாள். அது அங்கேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு சர்வேயர் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் "கொஞ்சம் இடது", "கொஞ்சம் வலது", "அங்கேயே" ஆகிய மூன்றும்தான். பொதுச்சுவரின் முனை, தண்ணீர்த் தொட்டி, தெருமூலை என்று அவளை அலையவிட்டார். கடைசியில் பத்திரத்து அளவு சுட்டிய இடம் எதிர்பார்த்தபடியே இஸ்திரி அறைக்குள் போனது. மேஜைக்கு நேர் கீழே.

"அக்கா, மேஜையைக் கொஞ்சம் நகத்தணும்."

"இப்பவா? சட்டையெல்லாம் சாயந்திரத்துக்குள்ள குடுக்கணும் சார்."

"கொஞ்ச நேரம்தான்."

தேய்த்த சட்டைகளை அடுக்கடுக்காகத் தம்பி மனைவியின் கையில் வைத்தாள் அக்கா. தேய்க்காதவற்றைத் தம்பியின் தோளில் போட்டாள். மேஜை நகர்ந்தது. தரையில் செங்கல் பாவியிருந்தது. சர்வேயர் இரண்டு செங்கல்லைப் பெயர்த்து, மண்டியிட்டு, கரண்டியால் மண்ணை வழித்தார். இடுப்பு ஒரு கெட்ட வார்த்தை சொன்னது. ஒரு சாண் ஆழத்தில் கெட்டிப்பட்ட கறுப்பு. அதில் பச்சைக் கண்ணாடிச் சில்லுகள், மின்மினி மாதிரி.

மழை தகரக் கூரையில் பொட்டுப் பொட்டென்று ஆரம்பித்தது. அந்த அறையில் ஆச்சரியப்பட்டது தான் ஒருவர் மட்டும்தான் என்பது சர்வேயருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"கல்லு முதல்ல இங்கதான் இருந்திருக்கு" என்றார். "அங்க எப்படிப் போச்சு?"

டிரைவர் தோளில் சட்டைகளோடு ஜன்னல் பக்கம் நகர்ந்தார். "பழைய கல்லு சார். மழையில நகந்திருக்கும்."

"மழையில நகர்ற கல்லு பள்ளத்துக்குப் போகும். இது மேட்டுல ஏறியிருக்கு."

"நிலநடுக்கம்னு ஒண்ணு வந்துச்சே, நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப…"

"நிலநடுக்கம் வந்து கல்லைத் தூக்கி, குழி தோண்டி, நட்டு, மண்ணை மிதிச்சு விட்டுட்டுப் போச்சா?"

"மேஜையைத் திருப்பிப் போடலாமா சார்?" என்றாள் அக்கா. "கரி அணையுது."

தம்பி மனைவி கையில் இருந்த சட்டைகளை அலமாரியில் மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு, டீ போட வீட்டுக்குள் போனாள்.

சர்வேயர் பெயர்த்த செங்கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பிடிக்காத நேரம் இதுதான். மெஷின் பேசி முடித்துவிடும், மனுஷர்கள் ஆரம்பிக்க மாட்டார்கள்.

"இங்க பாருங்க. நான் பயமுறுத்த வரல. யாராவது ஒருத்தர் அடுத்தவருக்குத் தெரியாம கல்லை நகத்தியிருந்தா, சட்டம் அது நகரவே இல்லைன்னுதான் எடுத்துக்கும். பழைய இடம்தான் எல்லை. இந்தச் சுவரு இடிபடும். அதுவே ரெண்டு பக்கமும் தெரிஞ்சு, ஒத்துக்கிட்டு நகத்தி, அதையே எல்லையா வச்சு இத்தனை வருஷம் இருந்திருந்தீங்கன்னா, புது இடம்தான் எல்லை. பேப்பர்ல என்ன அளவு இருந்தாலும் சரி. ஆனா அதை என்னால கண்டுபிடிக்க முடியாது. மெஷினுக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும். இன்னிக்கே சொல்லணும்."

"நாளைக்குச் சொன்னா?" என்றார் டிரைவர்.

"நாளைக்கு அந்த மனை மரக்கடைக்காரருது. அவருக்கு இந்தக் கல்லு சம்பந்தமா எந்த ஞாபகமும் வராது. வர வேண்டிய அவசியமும் இல்ல."

அக்கா பெட்டியைத் திறந்து கரியை ஊதினாள். சாம்பல் பறந்தது. "தம்பி சொல்லட்டும்."

"அக்கா சொல்லட்டும்" என்றார் டிரைவர்.

"மனை உன்னோடது. நீதானே விக்கற?"

"அறை உன்னோடது. நீதானே கட்டின?"

"நான் வாயைத் திறந்தா, கேட்டு வாங்கினவன்னு ஆகும். இடிச்சுட்டுப் போகட்டும்டா. வாசல்ல மேஜையைப் போட்டுத் தேய்ப்பேன்."

"மழையில தேய்ப்பியா? சட்டை நனையறதுக்குத் தனியாக் கூலி வாங்குவியா?"

"உனக்கென்ன? நீதான் ஊரை விட்டே போறியே."

"நானா போறேன்? டிப்போக்காரன் அனுப்பறான்!"

"போறவன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்ல?"

"எதைச் சொல்றது? சொல்ல விட்டியா அன்னிக்கு? அவகிட்ட மூச்சு விடாதடான்னு கையைப் பிடிச்சுக்கிட்டது யாரு?"

அக்கா இஸ்திரிப் பெட்டியைச் சடாரென்று மூடினாள். டிரைவரின் வாயும் அதோடு சேர்ந்து மூடிக்கொண்டது. சர்வேயர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கதவு லேசாகத் திறந்த மாதிரி இருந்தது, திரும்பச் சாத்திக்கொண்டது.

டீ வந்தது. கூடவே ஒரு தட்டில் அவித்த முட்டை, மிளகும் உப்பும் தூவி. பேச்சு நின்ற அறையில் நாலு பேர் முட்டை தின்றார்கள். முட்டை தின்பது சத்தம் வராத காரியம் என்று அதுவரை சர்வேயர் நினைத்திருந்தார். அன்றைக்கு அவர் மெல்லுகிற சத்தம் அவருக்கே ஊர்வலம் போகிற மாதிரி கேட்டது. தம்பி மனைவி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு, "கம்பி இன்னும் வேணுமா சார்?" என்று கேட்டாள். "இருக்கட்டும், பிடிங்க, கடைசியா ஒரு தடவை மூலையைப் பாத்துடறேன்" என்று சொல்லி, எதையும் பார்க்காமல், டிரைவரைத் தள்ளிக்கொண்டு ஜீப் பக்கம் போனார்.

ஜீப்பின் முன்கதவுக்குப் பக்கத்தில் டிரைவர் பழக்கதோஷத்தில் கண்ணாடியைத் துடைத்தார்.

"நேராக் கேக்கறேன்" என்றார் சர்வேயர். "கல்லை நகத்தினது நீங்க ரெண்டு பேருந்தானே?"

டிரைவர் கண்ணாடியின் மூலையை நகத்தால் சுரண்டினார். "அப்பா இருந்தாரு சார் அப்ப. கல்லைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு சொல்ற ஆளு. அக்கா குழந்தையோட வந்து நிக்குது. அந்தப் பாதியில அறை கட்டினா மேஜை மட்டும்தான் நிக்கும். நீங்களே பாத்தீங்கல்ல? அக்கா கேக்கல சார். அது வாயால கேட்டதே இல்ல. நானாத்தான்…" நிறுத்திவிட்டார்.

"அப்புறம் என்ன? இதைச் சொல்லியிருந்தா காலையிலயே முடிஞ்சிருக்குமே! எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா மரக்கடைக்காரருக்குக் கல்லு வரைக்கும் இருக்கற அகலத்தைக் காட்டித்தான் விப்பீங்க. வேணும்னா வாங்கட்டும், வேண்டாம்னா போகட்டும்."

"அவருக்காக இல்ல சார்." டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "இவளுக்கு. கல்யாணமாகி வந்த புதுசு. வந்த பொண்ணுகிட்ட, உன் வீட்டுல ஒரு முழத்தைத் தூக்கி எங்க அக்காவுக்குக் குடுத்துட்டேன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம்ங்கறது போயிக்கிட்டே இருந்துச்சு. அப்பா போனதும் பத்திரத்துல அவ பேரையும் சேத்தேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம். சொல்லாத விஷயத்துக்கு வயசு ஏற ஏற வெயிட்டும் ஏறுது சார்."

பத்திரம்! சர்வேயருக்குச் சுருக்கென்றது. அதில் இரண்டு பெயர் இருந்தது. இரண்டையும் அவர் படித்திருந்தார். பாதி மனைக்குச் சொந்தக்காரி காலையிலிருந்து அவர் கண்ணெதிரே கம்பி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கல்லைப் பற்றி மழையைக் கேட்டார், நிலநடுக்கத்தைக்கூட விசாரித்தார். அவளிடம் கேட்டது இடதும் வலதும்தான். நல்ல சர்வேயர்!

"அவங்க சம்மதம் இல்லாம இது செல்லாது" என்றார்.

"தெரியும் சார். அதான் காலையில இருந்து நடந்துக்கிட்டிருக்கேன்."

"நீங்க சொல்றீங்களா?"

டிரைவர் சாவிக்கொத்தைப் பார்த்தார். அதில் எந்தச் சாவியும் இதற்குப் பொருந்தாது என்பது போலப் பார்த்தார். "நீங்க சட்டமாச் சொல்லுங்க சார். சட்டமா சொன்னா கோவம் கொஞ்சம் குறைச்சலா வரும்."

மூலையில் அவள் நின்றிருந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிடிக்கச் சொன்னவர் விடச் சொல்லவில்லை என்பதால் கம்பியைப் பிடித்தபடியே, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, குமிழி நடுவில் நிற்க நின்றிருந்தாள். காலடியில் அந்தக் கல் கிடந்தது. இஸ்திரி அறை ஜன்னலில் அக்கா, கையில் ஆறிப்போன பெட்டி. சர்வேயர் முன்னால் நடந்தார். பின்னால் நாலடி தள்ளி டிரைவர் நின்றுகொண்டார், பிரேக் பிடிக்கிற தூரத்தில்.

"அம்மா, ஒரு விஷயம்…" என்று ஆரம்பித்தார் சர்வேயர். காலையிலிருந்து எல்லாரிடமும் நேரான பதில் கேட்டு நச்சரித்தவருக்கு, நேரான கேள்வி ஒன்று வாயில் வரவில்லை. "அதாவது, சட்டத்துல அனுபோகம்னு ஒண்ணு இருக்கு. பேப்பர் வேற, அனுபோகம் வேற. உதாரணமா ஒரு கல்லு இருக்குன்னு வைங்க. ஒரு இடத்துல இருக்கற கல்லு, ஏதோ ஒரு காரணத்தால, இன்னொரு இடத்துல, அதாவது ரெண்டு தரப்புல ஒரு தரப்புக்கு முழுசா விவரம் தெரியாத ஒரு சூழ்நிலையில…"

"யாருக்கு சார் விவரம் தெரியாது?"

"இல்ல, உதாரணத்துக்கு…"

"எனக்கா?"

சர்வேயர் மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அது உதவவில்லை. "ஆமா. உங்களுக்கு. இந்தக் கல்லு எப்படி இங்க வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

பின்னால் சாவிக்கொத்தின் சத்தம் நின்றது.

"நான் வந்து ஒரு வாரம்கூட ஆகல" என்றாள் அவள். யோசிக்கிற முகம்தான், ஆனால் யோசித்ததெல்லாம் எப்போதோ முடிந்துவிட்ட மாதிரி பேசினாள். "மாமா மத்தியானம் தூங்கிக்கிட்டிருந்தாரு. நான் சமையல்கட்டு ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்தேன். இவரு ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். தூக்கறதும் வைக்கறதும், மூச்சு வாங்கறதும், உள்ள திரும்பித் திரும்பிப் பாக்கறதும். இவரு கால்ல வேற போட்டுக்கிட்டாரு. படியில இடறிட்டேன்னு சொல்லி ரெண்டு நாள் நொண்டினாரு. நான்தான் தைலம் தேச்சு விட்டேன்."

ஜன்னலில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுவரைக்கும் அதோ, அண்ணியோட மேஜை இருக்கற இடம் வரைக்கும் நான் பெருக்கிக்கிட்டிருந்தேன். மறுநாள் காலையில கல்லு எங்க இருந்துச்சோ, அங்கயே விளக்கமாத்தை நிறுத்திக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அதைத் தாண்டிப் பெருக்கினது இல்ல. தெரியாமயா பெருக்குவேன்?"

"ஏன்டி சொல்லல?" என்றார் டிரைவர்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அவள் அவரைப் பார்க்கவில்லை, குமிழியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அண்ணிக்கு இடம் குடுத்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. என்னைக் கேட்டிருந்தா மறுமுனையை நானும் பிடிச்சிருப்பேன், காலாவது தப்பிச்சிருக்கும்." பிறகு சர்வேயர் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கங்க சார். கல்லைத் தூக்கினது அவங்க ரெண்டு பேரும். பாத்தது நானு. இந்த இடம்தான் எல்லை, எனக்குச் சம்மதம். கையெழுத்து எங்க போடணுமோ போடறேன். இப்ப இந்தக் கம்பியைக் கீழ வைக்கலாமா?"